குளிர்ந்த குழல்

"முதல் குண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை" என்றான்
டுவேன் க்ரோப்ஃப்,
கல்லாவின் மேல் அட்டையை விரித்து.
மூன்று ஓட்டைகள்.
ஒரு காசை வைத்து மூடிவிடலாம்.
இருநூறு கஜம், காற்றில்லாத ஜூலை மாலை.
"அது புகையேற்றும் குண்டு, மார்லிஸ்.
குழல் கொஞ்சம் கரியானால்தான்
துப்பாக்கி தன் குணத்துக்கு வரும்."

நான் சோள மண்டியில் எடைமேடைக்காரி.
லாரி ஏறும், எண் ஆடும், எண் நிற்கும்,
சீட்டைக் கிழிப்பேன்.
எதைக் கழித்தீர்கள் என்று கேட்பதுதான் என் பிழைப்பு.
"சேர்க்காத அந்த ஒன்று எங்கே போனது?"
டுவேன் அட்டையின் ஓரங்களைத் தேடினான்.
அட்டையில் அது இல்லை.

போன ஜனவரியில் நான் சுட்டதும் அந்த ஒன்றைத்தான்.
மிசௌரி ஆற்றுக்கு இந்தப் பக்கம்
காற்று கொண்டுவந்து கொட்டிய மண்குன்றுகள்,
அடிவாரத்தில் அறுத்த சோளக்காடு.
நூற்றுத் தொண்ணூறு கஜத்தில் கிடா மான்.
புகை விலகியபோது
அது வயிற்றைக் குனிந்து பார்ப்பதுபோல் நின்றது.
பிறகு நடந்தது.
பனியில் பொட்டுப் பொட்டாக
கேலன் வேலிவரை போனேன்,
வேலிக்கு அப்பால் ஓடைவரை.
மூன்றாம் நாள் காக்கைகள் இடத்தைச் சொல்லின.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில்
இரண்டாவது என்று ஒன்று கிடையாது.
நீ கோலை உருவுவதற்குள்
மான் பக்கத்து மாவட்டத்தில்.

"இரண்டையும் கொண்டு போ,
ஒன்றையாவது திருப்பிக் கொடு" என்றான்.
ஒன்று அழகி: எவர்சில்வர் மினுக்கு,
குழலில் நீள வரிகள்,
உள்ளே இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு முறுக்கு.
மற்றது இரண்டு வருடமாக விலைபோகாதது.
கட்டை அழுகின பூசணி நிறம்,
முறுக்கு இருபத்திரண்டுக்கு ஒன்று.
நீளக் குண்டுக்கு இறுகின முறுக்கு வேண்டும்,
இல்லாவிட்டால் வழியில் தள்ளாடும்.

மருந்தை முகந்து அளக்கவில்லை, நிறுத்தேன்.
ஈரப்பதம் பார்க்கும் மேசைத் தராசில்,
மதியச் சாப்பாட்டு வேளையில்.
மருந்தின் எடை அலகுக்கும் தானியம் என்றே பெயர்,
ஒரு மணி கோதுமையின் எடை.
"எண்பதாயிரம் பவுண்டு லாரிக்கு
இருபது பவுண்டு முன்னேபின்னே விடுகிறவள்
தூசுக்கு மூச்சைப் பிடிக்கிறாளே" என்றான் ரூபன் அக்டர்ஹோஃப்.
அவன் மூச்சில்தான் தட்டு ஆடியது.
போகச் சொன்னேன்.

நவம்பரில் ஐந்து விடிகாலைகள்.
துடைத்த குழல், உறைந்த இரும்பு,
ஆளுக்கு ஒரே குண்டு.
ஒரே அட்டைதான் ஐந்து நாளும்,
இரவில் ரசீது இழுப்பறையில்.
இரண்டாம் நாள் காற்று அடித்தது, சுட்டேன்.
நான்காம் நாள் எனக்குச் சளி, சுட்டேன்.

அழகியின் ஐந்தும்
சந்தை கலைந்த ஜனம்போல் ஆளுக்கொரு திசை.
பூசணியின் ஐந்தை
காசால் மூட முடியாது.
உள்ளங்கையை வைத்தேன், மூடியது.
என் உள்ளங்கை பெரியது. மானின் நெஞ்சு அதைவிடப் பெரியது.

இருநூற்றைம்பதில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரலிடுக்கில் வெளியே எட்டிப் பார்த்தன.
கட்டையில் பிளாஸ்திரி ஒட்டி
பேனாவால் 200 என்று எழுதினேன்.

டுவேன் நாற்பது டாலர் குறைத்தான்.
வெட்கப்பட்டுக் குறைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்று சாயங்காலம்
சோளத்தட்டைக்குள் ஒரு கிடா.
தூரமானியில் எண் ஆடியது, நின்றது:
இருநூற்று முப்பத்தொன்று.
சீட்டு கிழிக்கவில்லை.
அது நெருங்கி வருமென்று
வெளிச்சம் தீரும்வரை காத்திருந்தேன்.
வரவில்லை. கால்தான் மரத்துப்போனது.

பிரைமரை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை,
சூடு பட்டால் இரும்பு வியர்க்கும், மருந்து நமுக்கும்.
வண்டியிலேயே கிடக்கிறது,
பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டில்,
கெட்டித்த குண்டோடு.

நான் உள்ளே சூப்பைச் சுடவைக்கிறேன்.
அது அங்கே குளிரட்டும்.
நாளைக்கும் அதற்கு அதுதான் முதல் குண்டு.